பென்டிரைவில் ஒரு பிறந்தநாள்

போன செவ்வாய்க்கிழமை காலை, சுங்கைப் பட்டாணியில் நான் வழக்கமாக டீ குடிக்கும் காதர் பாய் கடையில், என் மேசைமேல் ஒரு பென்டிரைவ் வந்து விழுந்தது.

விழுந்தது என்றுதான் சொல்ல வேண்டும். கொண்டுவந்தவர் சூடான பாத்திரத்தை இறக்குவதுபோல வைத்துவிட்டு, உடனே கையை இழுத்துக்கொண்டார்.

"அண்ணே, இத தொறக்க முடியுமா பாருங்களேன்."

கணேசன். தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறவர். ஐம்பதைத் தாண்டிய வயது. நாங்கள் இருவரும் வெகுநாளாக ஒரே கடையில் டீ குடிக்கிறோம் — தனித்தனி மேசைகளில். தலையசைப்பதோடு சரி. அவர் என்னிடம் ஒரு முழு வாக்கியம் பேசியது அன்றுதான்.

"அண்ணன் பேப்பர்ல இருந்தவருலா. கம்ப்யூட்டர்ல அவருக்குத் தெரியாததே இல்ல" என்று கல்லாவிலிருந்து குரல் கொடுத்தார் காதர் பாய். பாய் இப்படித்தான். போன மாதம் ஒருவருடைய வாஷிங் மெஷினையும் என்னிடம் அனுப்பப் பார்த்தார்.

"என்னா இருக்கு இதுல?"

"மக பொறந்தநாளு. அஞ்சு வயசுல எடுத்தது. ரெண்டு கடையில காட்டிட்டேன். ரொசாக் அங்கிள், கெட்டுப்போச்சு, தூக்கிப் போட்டுட்டு வேற வேலயப் பாருங்கன்னுட்டானுங்க."

பிறகு போனை எடுத்து, ஒரு வாய்ஸ் மெசேஜைப் போட்டுக் காட்டினார். இளம்பெண்ணின் குரல். கொஞ்சம் அவசரம், கொஞ்சம் கூச்சம்.

"அப்பா... பவித்ரா பேசுறேன். மோண்டாஜுக்கு நம்ம ரெண்டு பேரும் இருக்கிற மாதிரி ஒரு படம் வேணும். ஆல்பம் எல்லாம் வெள்ளத்துல போயிருச்சு. என்கிட்ட ஒன்னுகூட இல்ல. வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்ப முடியுமா பா?"

மோண்டாஜ் இல்லாமல் இப்போது எந்தக் கல்யாண விருந்தாவது நடக்கிறதா? விளக்கை அணைத்துவிட்டு, மணமக்களின் சின்ன வயதுப் படங்களைப் பாட்டோடு பெரிய திரையில் ஓட்டுவார்கள். மண்டபமே கழுத்தைத் திருப்பிப் பார்க்கும். யார் யார் திரையில் வந்தார்கள், யார் வரவில்லை என்பது சாப்பாட்டு மேசைக்குப் போவதற்குள் செய்தியாகிவிடும்.

பவித்ராவுக்கு ஏழு வயதாக இருக்கும்போது, மனைவி மகளோடு ஈப்போவுக்குப் போய்விட்டார். கணேசன் சொன்னது அவ்வளவுதான். ஏன் என்று நான் கேட்கவில்லை. அதற்குப் பிறகு தீபாவளிக்குத் தீபாவளி ஒரு மெசேஜ். மகள் தானாக வாய் திறந்து ஒன்று கேட்டது இதுதான் முதல்முறையாம்.

"சிடி பூஞ்சை புடிச்சிருச்சுண்ணே. நல்லவேளை, அதுக்கு முந்தியே ஒரு கடைக்காரரு இதுல ஏத்திக் குடுத்தாரு. அந்தக் கடையும் இப்ப இல்ல."

பென்டிரைவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். வேறு என்ன செய்ய முடியும்?

நான் தனியாக இருக்கிறேன் என்பது இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிறவர்களுக்குப் புதிய தகவல் அல்ல. என் லேப்டாப்பில் லினக்ஸ் ஓடுகிறது என்பதும் தெரிந்திருக்கும். விண்டோஸ் மூச்சு வாங்க ஆரம்பித்ததும் மாற்றினேன். இலவசம். வேகம். ஒரே குறை — ஏதாவது தகராறு செய்தால் இந்தத் தாமான் குடியிருப்பில் கதவைத் தட்டிக் கேட்க ஆள் கிடையாது. சும்மா இருக்கும்போதே தட்டுவதற்கு அதிகம் கதவு இல்லை என்பது வேறு விஷயம்.

பென்டிரைவில் இருந்தது ஒரே ஒரு கோப்பு. அதை டிஸ்க் இமேஜ் என்பார்கள். ஒரு சிடி முழுவதையும் அப்படியே ஒரு கோப்பாகப் பிரதி எடுத்து வைப்பது. இந்தக் கோப்பை ஒரு சிடி என்று நினைத்துக்கொள் என்று கணினியிடம் சொல்வதற்கு மவுண்ட் என்று பெயர். கேட்கச் சுலபமாக இருக்கிறதல்லவா?

கோப்பைச் சுட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. கறுப்புத் திரையைத் திறந்து, கட்டளையைக் கையால் அடித்தேன். மவுண்ட் செய்ய இடம் இல்லை என்றது. முதலில் ஒரு காலி ஃபோல்டரை உருவாக்கி வைக்க வேண்டுமாம். அதில்தான் சிடி வந்து உட்காருமாம். சரி, உருவாக்கினேன். மூன்று அறை வீட்டில் ஒருவனாக இருக்கிறவனிடம் காலி இடமா கேட்கிறாய்?

மறுபடி அடித்தேன். இப்போது வந்தது ஒரு பிழைச் செய்தி. வகை தவறு, அல்லது ஆப்ஷன் தவறு, அல்லது சூப்பர்பிளாக் கெட்டுவிட்டது, அல்லது வேறு ஏதோ பிழை.

'வேறு ஏதோ'வா? செய்தி மேசையில் காலம் தள்ளியவன் நான். எந்த நிருபராவது 'விபத்துக்குக் காரணம் மழை, அல்லது டயர், அல்லது வேறு ஏதோ' என்று எழுதிக் கொடுத்திருந்தால், அந்தத் தாள் அதே வேகத்தில் அவர் மேசைக்குத் திரும்பியிருக்கும்.

இணையத்தில் தேடினேன். கோப்பின் பெயரில் கடைசி மூன்று எழுத்தை மாற்றினால் போதும் என்று ஒரு மேதை எழுதியிருந்தார். மாற்றினேன். பெயர் மாறியது.

இன்னொரு பக்கத்தில், எனக்கு வந்த அதே பிழை எழுத்துப் பிசகாமல் இன்னொருவருக்கும் வந்திருந்தது. எங்கோ ஒரு தேசத்தில், எப்போதோ. உதவுங்கள் என்று கேட்டிருக்கிறார். யாரும் பதில் சொல்லவில்லை. கடைசியில் அவரே எழுதியிருந்தார்: 'சரியாகிவிட்டது. நன்றி.' எப்படிச் சரியானது என்று சொல்லவில்லை. யாருக்கு நன்றி என்றும் தெரியவில்லை. அந்தப் பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரே மழைக்கு இரண்டு பேர் வேறு வேறு பஸ் நிறுத்தத்தில் நிற்பதுபோல இருந்தது.

பிறகுதான் புத்தி வந்தது. யூகிப்பதை விட்டுவிட்டு, கோப்புக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தால் என்ன?

சிடி ஒவ்வொன்றிலும் ஒரு குறிப்பிட்ட இடத்தில், நான் சிடி என்று சொல்லும் அடையாளம் இருக்கும். கணினி அந்த இடத்தைத்தான் பார்க்கும். இந்தக் கோப்பில் அங்கே வெறும் பூச்சியங்கள். கோப்பு முழுவதும் அந்த அடையாளத்தைத் தேடச் சொன்னேன். கிடைத்தது! ஆனால் வெகுதூரம் தள்ளி. சிடி எழுதும் ஒரு பழைய மென்பொருள், தொடக்கத்தில் ஒன்றுமே இல்லாத ஒரு பகுதியை விட்டுவிட்டு, அதற்கப்புறம்தான் சிடியை வைத்திருக்கிறது. கணினி வாசலைப் பார்த்துவிட்டு, வீட்டில் ஆளில்லை என்று திரும்பி வந்திருக்கிறது. இரண்டு கடைக்காரர்களும் அப்படியே.

இருக்கும் இடத்திலிருந்து இருக்க வேண்டிய இடத்தைக் கழித்தேன். 307200. அவ்வளவு பைட் தாண்டிப் போய்ப் பார் என்று கட்டளையோடு சேர்த்து அடித்தேன்.

திறந்துகொண்டது. கூடவே ஓர் எச்சரிக்கை — இதைப் படிக்கலாம், மாற்றி எழுத முடியாது. பழைய விஷயங்களுக்கு வேறு எந்த அனுமதிதான் கிடைக்கிறது?

உள்ளே ஒரே ஒரு வீடியோ. நான் ஓட்டிப் பார்க்கவில்லை. அடுத்தவர் வீட்டுப் பிறந்தநாளுக்கு அழைப்பில்லாமல் போவதில்லை. கணேசனுக்குப் போன் செய்தேன்.

வியாழன் மத்தியானம், இரண்டு ஷிப்டுக்கு இடையில் வந்தார். கம்பெனிச் சட்டை. கையில் ஒரு பொட்டலம் பொரித்த வாழைப்பழம். நாற்காலியைக் காட்டியதும் முன்விளிம்பில் உட்கார்ந்தார்.

ரப்பர் தோட்டத்து மண்டபம். பலூன். நீல கிரீம் பூசிய கேக். நடுவில் ரோஸ் கவுனில் ஒரு பெண் குழந்தை.

"பவித்ரா" என்றார், நான் கேட்காமலே. "இது மண்டோர், எங்க மேஸ்திரி. இந்தா, சிவப்புச் சட்டை, ஆபீஸ் கிராணி மகன், இப்ப பினாங்குல இருக்கான். இது... இதான் அவுங்கம்மா."

அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் மெதுவாகச் சொன்னார்.

வீடியோவில் யாருடைய பேச்சும் கேட்கவில்லை. அந்தக் காலத்து வீடியோக்காரர்கள் எல்லோரையும் போல இவரும் ஒலியை அழித்துவிட்டு, ஆரம்பம் முதல் கடைசி வரை சினிமாப் பாட்டைப் போட்டிருந்தார். எல்லோரும் சிரிக்கிறார்கள், கத்துகிறார்கள். பாட்டு மட்டும் வருகிறது.

"நீங்க எங்க கணேசன்?"

"வருவேன், வருவேன். இருங்க."

காத்திருந்தோம். மெழுகுவத்தி ஊதியாயிற்று. மண்டோர் வந்தார். மண்டோர் மனைவி வந்தார். கிராணி குடும்பம் வந்தது. பக்கத்து லயத்து வீட்டு வரிசை முழுவதும் வந்து படம் எடுத்துக்கொண்டது. கணேசன் வரவில்லை. அவர் ஆள் பெயர் சொல்வதை நிறுத்தியிருந்தார். வாழைப்பழம் ஆறிக்கொண்டிருந்தது.

கேக் ஊட்டும் கட்டம். அம்மா ஊட்டினார். அடுத்து அப்பா, அதுதானே வழக்கம்? திரையில் எல்லோரும் கேமராவைப் பார்த்துத் திரும்பினார்கள். கையை ஆட்டி ஆட்டி யாரையோ கூப்பிட்டார்கள். மண்டோர் இரண்டு கையாலும் கூப்பிட்டார். கணேசனின் மனைவிகூட அப்போது சிரித்துக்கொண்டே கூப்பிட்டார்.

யாரும் வரவில்லை.

கணேசன் எழுந்து நின்றுவிட்டார்.

"அட கடவுளே. லைட்டு."

"என்னா லைட்டு?"

"லைட்டு புடிச்சதே நான்தாண்ணே! வீடியோக்காரனோட ஆளுக்கு பீடோங் பக்கத்துல மோட்டர் பஞ்சர். வரல. எவனும் புடிக்க மாட்டேன்னுட்டான், சூடு அப்படி. சரி, குடுடான்னு நான் வாங்கிட்டேன். இவுங்க என்னயத்தான் கூப்பிடுறாங்க. நான் கீழ வைக்கப் போனேன், அவன் கத்துறான் — அண்ணே அசையாதீங்க, இருட்டாயிரும், கலரு போயிரும்னு. சரி, எடு எடு, நான் பொறகு வர்றேன்னேன்..."

பிறகு கேக் தீர்ந்திருக்கும். வீடியோக்காரரும் கிளம்பியிருப்பார்.

நம் தோட்டத்துக் குடும்ப வீடியோக்களை எடுத்துப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் இப்படி ஓர் ஆள் குறைவார். அடுப்படியில் நிற்பார், நாற்காலி தூக்குவார், ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் இருப்பார். அடுத்தவர் வீட்டு விசேஷம் என்றால் பரவாயில்லை. சொந்த வீட்டு விசேஷத்திலும் அப்படி நின்றால்?

"நம்ம ரெண்டு பேரும் இருக்கிற மாதிரின்னு கேட்டிச்சுண்ணே" என்றார். "நாளைக்கு வெள்ளிக்கிழம."

கொஞ்சம் கழித்து, தரையைப் பார்த்தபடி கேட்டார். "என் லைசென்ஸ் படத்த வெட்டி, பக்கத்துல ஒட்ட முடியுமா?"

"முடியும்."

"ஒட்டினா தெரியுமா?"

"எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியும்."

"லைசென்ஸ்ல வேற போலீஸ்காரன் புடிச்சிட்டுப் போன மாதிரி இருக்கேன்" என்று அவரே சொல்லிவிட்டு, "வேணாம், விடுங்க" என்றார்.

வீடியோவைக் கொஞ்சம் பின்னால் நகர்த்தி, ஒவ்வொரு ஃபிரேமாகத் தள்ளினேன். படம் தேர்ந்தெடுப்பது என் பழைய பிழைப்பு. எல்லோரும் கேமராவைப் பார்க்கிறார்கள். குழந்தை மட்டும் பார்க்கவில்லை. கேமராவுக்குச் சற்று மேலே, இடப்பக்கம் பார்க்கிறாள். வெளிச்சம் கூசி ஒரு கண் மூடியிருக்கிறது. கையில் ஒரு துண்டு கேக். அதை அந்தப் பக்கமாகவே நீட்டிக்கொண்டிருக்கிறாள், கை போகும் தூரம் வரை.

திரையை அவர் பக்கம் திருப்பினேன்.

கணேசன் வெகுநேரம் பார்த்தார்.

படத்தை அவர் போனுக்கு மாற்றிக் கொடுத்தேன். வாய்ஸ் மெசேஜுக்கு மைக்கை அழுத்தினார். பேசினார், அழித்தார். மறுபடி பேசினார், அழித்தார். நான் அடுப்படிக்குப் போய், தேவையே இல்லாமல் ஒரு கிளாஸைக் கழுவினேன். குரல் அங்கேயும் கேட்டது.

"ம்மா... படத்துல நான் இல்ல. ஆனா நீ கேக்க யாருக்கு நீட்டுற பாரு. அங்கதான் நிக்கிறேன். லைட்டு புடிச்சிக்கிட்டு. அவ்ளோதான்மா."

திரும்பி வந்து, பென்டிரைவைக் கழற்ற மவுண்டை எடுக்கப் போனேன். கணினி மறுத்தது. உள்ளே யாரோ இன்னும் இருக்கிறார்கள் என்றது. பார்த்தால், கணேசன் வீடியோவை முதலிலிருந்து ஓடவிட்டிருந்தார். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஷிப்டுக்கு நேரமாகும் வரை பார்த்தார். மகளிடமிருந்து பதில் வரவில்லை. இரண்டு டிக்கும் நீலமாகிவிட்டது என்பதை மட்டும் வாசலில் நின்று இன்னொரு தடவை எனக்குக் காட்டினார்.

மறுநாள் காலை காதர் பாய் கடை. கணேசன் தன் மேசையைத் தாண்டி நேரே என் மேசைக்கு வந்து உட்கார்ந்தார். போனை நீட்டினார். பவித்ராவின் குரல்.

"படத்த போட்டாச்சு பா. கடைசிப் படமே அதுதான். கல்யாணத்துக்கு வந்துருங்க. லைட்டு புடிக்க ஆள் வெச்சிருக்கோம், நீங்க மேடைக்கு வாங்க."

இன்னொரு முறை போட்டார். பிறகு இன்னொரு முறை.

"தம்பி, போதும்லா! மீ கோரெங் கேட்டவனுக்கு மேடைன்னு பில் போட்டுட்டேன்" என்றார் காதர் பாய்.

கணேசன் சிரிக்கவில்லை. என் பக்கம் குனிந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அண்ணே... மேடையில கைய எங்க வெச்சிக்கிறது? சும்மா நின்னு பழக்கமில்லையே."