சுரங்கம் தோண்டாத தங்கம்

நகைக்கடையில் வேலை பார்க்கிறேன் என்று சொன்னால் கேட்பவர்கள் முதலில் என் கழுத்தைப் பார்ப்பார்கள், பிறகு காதை. இரண்டிலும் கவரிங் கிடப்பதைக் கண்டு கொஞ்சம் ஏமாந்துபோவார்கள். நான் நகை விற்கிறவள் இல்லை. சங்கரன்கோவில் ரத வீதியை ஒட்டிய ஒரு கடையில், பழைய நகை வாங்குகிற கவுண்டரில் உட்காருகிறவள். முன்பக்கம் கண்ணாடியும் ஏசியும் பட்டுச்சேலை கட்டி நிற்கும் பெண்களுமாகப் பளபளவென்று இருக்கும். என் இடம் மாடிப்படிக்குப் பின்னால். அங்கே வருகிறவர்களிடம் பல்லைக் காட்டினால் அடிக்க வருவார்கள், அதனால் எனக்குச் சிரிக்கும் வேலை கிடையாது.

அந்த இடத்தில் ஒரு பெண்ணை உட்கார வைத்ததற்குக் காரணம் உண்டு. தாலியை விற்க வருகிறவள் ஓர் ஆம்பளை முன்னால் அதைக் கழற்ற மாட்டாள். என் மேஜையில் தராசு, உரைகல், பக்கத்தில் ஒரு பித்தளைத் தட்டு. தட்டில் மஞ்சள் கிழங்கு கோர்த்த கயிறுகள். வருகிறவள் முதலில் அந்தக் கயிற்றைக் கழுத்தில் கட்டிக்கொள்வாள். அதன் பிறகுதான் தங்கம் கழுத்தை விட்டு வெளியே வரும். ஒரு நொடிகூடக் கழுத்து வெறுமனே இருக்கக் கூடாது. முடிச்சுப் போடும்போது பெரும்பாலும் யாரும் என்னைப் பார்க்க மாட்டார்கள். நானும் தராசைத் துடைத்துக்கொண்டிருப்பேன்.

எங்கள் கடையில் இன்னொரு வழக்கமும் இருந்தது. வாங்கிய தாலியை ஒரு பௌர்ணமி கழியும்வரை உருக்க மாட்டோம். வளையல், கம்மல், மூக்குத்தி எல்லாம் அன்றன்றைக்கே பட்டறைக்குப் போய்விடும். தாலி மட்டும் தனியாக ஒரு எவர்சில்வர் டப்பாவில் கிடக்கும். அதற்குள் எப்படியாவது பணத்தைப் புரட்டிக்கொண்டு முக்கால்வாசிப் பேர் வந்துவிடுவார்கள். அன்றைய விலையோடு கொஞ்சம் மேலே போட்டு வாங்கிக்கொண்டுதான் முதலாளி அண்ணாச்சி திருப்பிக் கொடுப்பார். அவரைத் தர்மப்பிரபு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். தாலியை அடகு பிடித்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று அவருடைய அப்பா காலத்திலிருந்து ஒரு பயம். அதனால் அடகுக்குப் பதிலாக இப்படி ஒரு சுற்றுவழி.

இந்த வழக்கத்தை எங்கும் எழுதி ஒட்டியதில்லை. வாயால்கூட யாரும் சொன்னதில்லை. "திரும்ப வந்து வாங்கிக்கிடலாம்" என்று நான் ஒருத்தியிடம் சொன்னால், அவள் இப்போது விற்கிறாள் என்று வாய்விட்டுச் சொன்னதாகிவிடும். விற்கிறேன் என்று அவளும் சொல்ல மாட்டாள், வாங்குகிறேன் என்று நானும் சொல்ல மாட்டேன். தறிக்கூடத்துப் பெண்கள், பூக்கட்டுகிறவர்கள், திருவேங்கடம் பக்கத்துப் பருத்திக்காட்டுப் பெண்கள் எல்லோருக்கும் அது தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்டால் அவர்களுக்கே சொல்லத் தெரியாது.

இப்படி ஓடிக்கொண்டிருந்த கடைக்குத்தான் சென்னையிலிருந்து அந்தக் கம்பெனி வந்து சேர்ந்தது. ஆன்லைனில் நகை விற்கிற கம்பெனி. பூமியைத் தோண்டி எடுத்த புதுத் தங்கத்தை அவர்கள் தொட மாட்டார்களாம். சுரங்கத்தில் குழந்தைகள் வேலை செய்கிறார்கள், ஆற்றில் பாதரசத்தைக் கலக்கிறார்கள், அதனால் பழைய நகையை உருக்கிய தங்கத்தில் மட்டுமே செய்வார்களாம். கல் வைத்த நகையே கிடையாது. சிவப்புக்கல்லும் பச்சைக்கல்லும் எந்த நாட்டில் எவன் ரத்தத்தில் வந்ததோ தெரியாது என்று கம்பெனியிலிருந்து வந்திருந்த பெண் சொன்னாள். கைத்தறிச் சேலை கட்டி, தலைமுடியைக் குட்டையாக வெட்டி, நல்ல மரியாதையாகப் பேசுகிற பெண். பேச்சைக் கேட்டபோது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. பொய் சொல்லவில்லை, அவள் ஒரு வார்த்தைகூடப் பொய் சொல்லவில்லை. அதுதான் இன்றுவரை என் வயிற்றெரிச்சல்.

அவர்கள் போட்ட ஒழுங்கு என்னவென்றால், கவுண்டரில் தராசில் வைத்ததுமே எடை சென்னைக்குப் போய்விடும். அன்றைக்கு வந்த தங்கம் முழுவதையும் அன்று சாயங்காலமே கேமரா முன்னால் உருக்க வேண்டும். காலையில் போன எடையும் சாயங்காலம் உருக்குகிற எடையும் ஒன்றாக இருக்க வேண்டும். நடுவில் வேறு தங்கம் கலந்துவிடக் கூடாது என்பதற்காக. அந்தக் கட்டியிலிருந்து எந்த நகை செய்தார்கள், எங்கே விற்றார்கள் என்பதுவரை கம்ப்யூட்டரில் பார்க்கலாம். இதற்கெல்லாம் சேர்த்து மற்ற வியாபாரிகளைவிடக் கூடுதல் விலை தருவார்கள். அண்ணாச்சிக்குச் சுரங்கத்தைப் பற்றி என்ன கவலை, கூடுதல் விலை என்றதும் மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"தாலி மட்டும் நாங்க கொஞ்ச நாள் வச்சிருப்போம்" என்று நான்தான் சொன்னேன்.

அந்தப் பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "தாலின்னாலும் அது ஒரு உலோகம்தானே அக்கா? பெண்களைக் கட்டிப்போடுற ஒரு அடையாளத்துக்கு மட்டும் தனி மரியாதை எதுக்கு?" என்றாள்.

அண்ணாச்சி அவசரமாக, "அதானே, நம்ம ஊர்ல எல்லாத்துக்கும் ஒரு சாத்திரம் சொல்லுவாக" என்று ஒத்து ஊதினார். எவர்சில்வர் டப்பாவை வைத்துக்கொண்டிருந்ததே நான்தான் என்பதுபோல ஒரு பார்வை வேறு. பிறகு என் கவுண்டருக்கு மேலே ஒரு கேமரா வந்தது. விற்கிறவள் தன் சொந்த விருப்பத்தில்தான் தருகிறாளா என்று கேட்டு, அவள் ஆமாம் என்று சொல்வதைப் படம் பிடிக்க வேண்டுமாம். யாரையும் வற்புறுத்தி வாங்கவில்லை என்பதற்கு அது அத்தாட்சி.

சொந்த விருப்பமாம்! எந்தப் பெண் சொந்த விருப்பத்தில் மாடிப்படிக்குப் பின்னால் வந்து நின்றாள்?

ஆடித் தபசுக் கூட்டம் வடிந்த சமயம். தறிக்கூடத்தில் நூல் சுற்றுகிற ஒருத்தி வந்தாள். என் தெருவுக்கு அடுத்த தெரு, பார்த்தால் ஒரு சிரிப்பு சிரித்துக்கொள்ளுகிற பழக்கம். அவள் வீட்டுக்காரனுக்குத் திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் இருதய ஆபரேஷன். மற்றதெல்லாம் ஏற்கெனவே பேங்கில் இருக்கிறது. கடைசியாக இதுதான். அவன் வைராக்கியம் பிடித்த ஆளாம். ஆஸ்பத்திரியில் சேரும்போதே, "என் உசுரு போனாலும் போகட்டும், கழுத்துல கெடக்கதத் தொடப்படாது" என்று சொல்லிவிட்டுத்தான் படுத்தானாம்.

"அவுக வீட்டுக்கு வாரதுக்குள்ள என் சீட்டு விழுந்துரும்க்கா" என்றாள். அதற்குமேல் அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. அவன் வருவதற்குள் வந்து எடுத்து, கயிற்றில் கோர்த்துப் போட்டுக்கொள்வாள், அவனுக்குத் தெரியவே தெரியாது. டப்பாவை நம்பித்தான் வந்திருக்கிறாள்.

கேமரா பார்த்துக்கொண்டிருந்தது. நான் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன். அவள் அந்தக் கண்ணாடிக் கண்ணைப் பார்த்து, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நிமிர்ந்து நின்று, "ஆமா, நானாத்தான் தாரேன்" என்றாள். கழுத்தில் புதுக்கயிறு மஞ்சளாக ஈரத்தோடு இருந்தது. சேலைத் தலைப்பை இழுத்துக் கழுத்தோடு மூடிக்கொண்டு பஸ் பிடிக்க ஓடினாள்.

நான் நேராக அண்ணாச்சியிடம் போனேன். "அண்ணாச்சி, இந்த ஒண்ண மட்டும் பழையபடி வச்சிருப்போம். அந்தப் பிள்ள கண்டிப்பா வரும். எடைக்கு எடை நம்ம தங்கத்தப் போட்டு அனுப்பிருங்க" என்றேன்.

"சரிம்மா, நான் பாத்துக்கிடுதேன். நீ போ" என்றார். நான் டப்பாவை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் காலையில் டப்பா என் மேஜையில் கவிழ்ந்து கிடந்தது. கழுவித் துடைத்து வைத்திருந்தார்கள்.

"என்ன அண்ணாச்சி?" என்றேன்.

"வேற தங்கத்தக் கலந்தா கம்பெனிக்காரனுக்குக் குடுத்த வாக்கு என்னாகுது? நாளைக்கு ஒரு சோதனை போட்டு தங்கத்தோட மாத்து மாறியிருக்குன்னு சொன்னாம்னா மொத்த யாவாரமும் போயிரும். நேர்மைன்னா நேர்மையா இருக்கணும்லா?" என்றார். இத்தனை வருஷத்தில் அண்ணாச்சி வாயிலிருந்து நேர்மை என்ற சொல்லை அன்றைக்குத்தான் கேட்டேன். சேதாரக் கணக்கில் ஒரு நாளும் வராத நேர்மை, பாவப்பட்ட ஒருத்தியின் தாலியில் வந்து உட்கார்ந்துகொண்டது. என் வாயில் வந்ததை அப்படியே கேட்டுவிட்டேன். அவர் முகம் கறுத்துவிட்டது. அன்றைக்கு முழுவதும் என்னிடம் பேசவில்லை, டீ வாங்கும்போது என்னை விட்டுவிட்டு மற்றவர்களுக்கு மட்டும் வாங்கினார்.

எங்கள் ஊரில் தாலிக்குப் பொன் உருக்குவது எப்படி என்று நினைத்துக்கொண்டேன். நல்ல நாள் பார்த்து, மாப்பிள்ளை வீட்டார் கூடி நின்று, விளக்கேற்றி, பத்தருக்கு வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுத்து உருக்குவார்கள். இவளுடையதை ஒரு கேமராவும் ஒரு வேலையாளும் நின்று உருக்கியிருக்கிறார்கள். செல்போனில் பாட்டுக் கேட்டுக்கொண்டே உருக்கியிருப்பான்.

அவள் வந்தாள். நாளைக்கு டிஸ்சார்ஜ் என்று முகமெல்லாம் மலர்ச்சியாக வந்தாள். சீட்டுப் பணத்தை ரவிக்கைக்குள்ளிருந்து எடுத்து என் மேஜைமேல் வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் நின்றாள். எல்லோரும் அப்படித்தான் நிற்பார்கள். நான் எழுந்து டப்பாவை எடுக்க வேண்டும், அதுதான் முறை. நான் எழுந்திருக்கவில்லை.

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. "பௌர்ணமி இன்னும் வரலியேக்கா" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. ஏதோ தானே நாளைத் தப்பாக எண்ணிவிட்டதுபோலக் கேட்டாள். அவள் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அண்ணாச்சி நல்லபடியாகத்தான் நடந்துகொண்டார், அவர் அளவுக்கு. முன்பக்கத்திலிருந்து ஒரு புதுத் தாலியை எடுத்துவரச் செய்தார். அதே எடை, அதே மாதிரி, இவளுடையதுபோல நெளிசல் இல்லாமல் புத்தம்புதிது. சிவப்பு வெல்வெட் பெட்டியில் வைத்து அவள் முன்னால் நகர்த்தினார். "செய்கூலி கிடையாது, சேதாரம் கிடையாது, கொண்டாந்த பணத்தக் குடுத்துட்டு இத எடுத்துக்கோம்மா. தங்கம் தங்கந்தான?" என்றார்.

அவள் பெட்டியைத் தொடவில்லை. "பழச நானே கோத்துப் போட்டுக்கிடுவேன் அண்ணாச்சி. இதப் புதுசால்லா கட்டணும்" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "இத எனக்கு யாருக்கா கட்டுவா?" என்றாள்.

"வீட்டுக்காரர்ட்ட சொல்லிக் கட்டச் சொல்லும்மா" என்றார் அண்ணாச்சி.

"அவுகளுக்குத் தெரியாம இருக்கணும்னுதான அண்ணாச்சி ஓடியாந்தேன்."

பணத்தை எடுத்து மறுபடியும் ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள். பெட்டி மேஜைமேலேயே கிடந்தது. வெளியே போகும்போது முன்பக்கப் பெண்கள் பழக்கதோஷத்தில் அவளுக்கும் கைகூப்பி, மறுபடியும் வாங்க என்றார்கள்.

சென்னைப் பெண்ணுக்கு நானே போன் பண்ணிச் சொன்னேன். சாதாரணமாகச் சொல்லவில்லை, சண்டைக்குப் போகிற மாதிரிதான் சொன்னேன். அவள் நிஜமாகவே வருத்தப்பட்டாள். பிறகு, அந்தக் கட்டியில் செய்த நகை எது என்று தேடிப் படம் அனுப்பினாள். பட்டாம்பூச்சி வடிவத்தில் சின்னதாக ஒரு ஜோடித் தோடு. யாரோ தன் நாய்க்குட்டியைத் தூக்கிக்கொண்டு, அந்தத் தோட்டைக் காதில் போட்டுச் சிரிக்கிற படமும் கூடவே வந்தது. பின்னணியில் கடல். அதன் கீழே, இந்தத் தங்கத்துக்காக யார் கண்ணும் கலங்கவில்லை என்று அழகான எழுத்தில் போட்டிருந்தார்கள். அவர்கள் எல்லா நகைக்கும் போடுகிற வாசகம் அது. எடுத்துவிடச் சொல்லட்டுமா என்று கேட்டாள். நான் போனைக் கைப்பைக்குள் போட்டு மூடினேன்.

நூல் சுற்றுகிறவளைப் பிறகு பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். மாத்திரை வாங்கப் போகிறாளாம். நல்ல வெயில், ஆனாலும் தலைப்பைக் கழுத்தோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். அவனுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"நல்லாருக்காகக்கா. வந்த அன்னைக்கே பாத்துட்டாக. ஏசல, அடிக்கல. முன்னமாரித்தான் பேசுதாக, சாப்பிடுதாக. எம்முகத்தப் பாத்து மட்டும் பேச மாட்டேங்காக" என்றாள்.

"புதுசு ஒண்ணு கட்டச் சொல்லிப் பாத்தியா?"

"கேட்டேன். வித்துட்டு வந்தவளுக்கு எதுக்குன்னுட்டாக." சொல்லிவிட்டுத் திருநெல்வேலி பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தாள். விற்றாள் என்ற சொல்லை அவள் வீட்டில் முதலில் சொன்னது அவன்தான், அவன் உயிரைக் காப்பாற்றக் கழற்றிய தாலியைப் பற்றி.

பஸ் வந்து நின்றது. படியில் ஒரு காலை வைத்தவள் திரும்பி இறங்கி என் பக்கத்தில் வந்தாள்.

"உங்களுக்குத் தெரியுமாமேக்கா, எது எங்கன போச்சுன்னு கம்ப்யூட்டர்ல வருமாமே. அது என்னவா ஆச்சுக்கா? எவளுக்காவது தாலியாப் போயிருந்தாப் போதும். நல்லாருக்கட்டும்."

அந்தப் படம் என் கைப்பையில் இருந்த செல்போனில்தான் இருந்தது.

"தாலியாத்தான் போச்சும்மா" என்றேன்.