மாமியாரின் கம்பளி முகம்

எண்பதுகளில், பாலக்கோட்டில் கன்னியாஸ்திரீ சிஸ்டர்கள் நடத்திய தையல், கைவேலை வகுப்பில் கற்றுக்கொண்டு, என் கொழுந்தன் மனைவி ஆட்டு ரோமத்தை முள் வைத்த ஊசியால் குத்திக் குத்தி இறுக்கி, எங்கள் மாமியாரின் தலையை அச்சு அசலாகப் பொம்மையாக்கினாள். ஐந்தாவதோடு நின்ற எனக்கு வயிறு எரிந்தது. மாமியார் நாள் முழுக்க அவள் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். நான் வைத்த காபி ஆறிப்போனது.

"உசுரோட இருக்கறவங்க மூஞ்சில ஊசி குத்தறாளே, ஏதாச்சும் ஆயிரப்போவுதுங்க அத்தை" என்றேன். பயமும் நிஜம்தான், பொறாமையும் நிஜம்தான்.

"ஆஸ்பத்திரில குத்தாத ஊசியா? சும்மா இரு" என்றார்.

அவளோ, "அக்கா, இந்தக் காது மட்டும் நீங்க குத்துங்க" என்று ஊசியை நீட்டினாள். நான் வாங்கிக் குத்தியதில் காது கோணிக்கொண்டது.

அதன்பின் வந்தவர்களிடமெல்லாம் மாமியார் காட்டினார்: "மொகம் சின்னவ செஞ்சது. காது பெரியவ."