சர்க்கார் சங்கிலி

இரண்டு நாளாக எங்கள் கொல்லைக்குப் பின்னால் ஒரு சத்தம். கல்லின்மேல் இரும்பு இழுபடுகிற சத்தம். ரயில் ரோடு போட அளக்க வந்திருக்கிறார்களாம். பருத்திக் காட்டில் சிவப்புத் துணி கட்டிய கம்புகளை நட்டு, முனைக்கு ஒருவனாகச் சங்கிலியை இழுத்துப் பிடிக்கிறார்கள். தொப்பி வைத்த ஒருவர் குடைக்கடியில் உட்கார்ந்து "ம்" என்கிறார். அவ்வளவுதான் அவர் வேலை போலிருக்கிறது.

"சர்க்கார் பணத்தைக் கொட்டப் போகுது. இனிமே ராசபாளையத்திலருந்து பயமில்லாம எங்கயும் போய்ட்டு வரலாம்" என்றார் என் வீட்டுக்காரர். சோறு போட்டுக்கொண்டிருந்த நான் சிரித்துவிட்டேன். பிறகு, சிரித்திருக்கக் கூடாதோ என்று தோன்றியது. இவர் சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தா. வீட்டுக்குள்ளேயே சர்க்காரைப் பார்த்துச் சிரிக்கிறவளை வைத்துக்கொண்டு அவர் எப்படி உத்தியோகம் பார்ப்பார்? ஆனாலும் அந்தச் சங்கிலிச் சத்தத்தைக் கேட்டுவிட்டுச் சிரிக்காமலிருக்க என்னால் முடியவில்லை. எனக்கு வேறொரு சங்கிலியைத் தெரியும்.

எங்கள் ஊருக்கும் வில்லிபுத்தூருக்கும் நடுவே ஓர் ஓடை குறுக்கிடுகிறது. மலையில் மழை பெய்தால் வெள்ளம் வரும். பெய்யாவிட்டால் வெறும் மணல். முன்பெல்லாம் வண்டிகள் கரையில் நின்று, தண்ணீர் வடிந்ததும் போகும். இதைப் பார்த்துச் சர்க்காருக்கு மனம் பொறுக்கவில்லை. பிரயாணிகளின் பத்திரத்துக்காக ஓடைக்குக் குறுக்கே கல் பாவி, ஒரு தாம்போதி கட்டினார்கள். வெள்ளம் அதன்மேல் ஓடும், வடிந்ததும் வண்டி அதன்மேல் போகும். அதுவரை சரி. நல்லது செய்ய ஆரம்பித்தால் அவர்களுக்கு நிறுத்தத் தெரியாது. இருகரையிலும் வண்டி சுற்றிப் போக முடியாதபடி இடுப்பளவு சுவர் எழுப்பினார்கள். அளவுக்கல் நட்டுச் சிவப்புக் கோடு போட்டார்கள். கரைக்கொரு சங்கிலி, சங்கிலிக்கொரு பூட்டு, பூட்டுக்கொரு காவல்காரன். தண்ணீர் கோட்டைத் தொட்டால் காவல்காரன் பூட்ட வேண்டும். அழுத்தினால் பூட்டிக்கொள்ளும் பூட்டு, சாவி வேண்டாம். திறக்கத்தான் சாவி. அது வில்லிபுத்தூரில் ஓவர்சீயர் இடுப்பில் இருந்தது.

இந்த ஏற்பாட்டை யோசித்தவர் பெரிய படிப்புப் படித்திருப்பார். நானும் மிஷன் பள்ளிக்கூடத்தில் கொஞ்சம் படித்தவள். படித்தவர்களுக்கு மட்டுமே இப்படித் தோன்றும் என்று எனக்குத் தெரியும்.

என் மகள் கோதைக்கு அப்போது மூன்று வயது நிறையவில்லை. தாயம் ஆட எடுத்து வைத்த புளியங்கொட்டையில் ஒன்றை மூக்கில் திணித்துக்கொண்டு, "மூக்குல கொட்ட இருக்கு" என்று பெருமையாக வந்து சொன்னாள். மறுபக்க மூக்கைப் பொத்திச் சீந்தச் சொன்னால் அவள் உள்ளே இழுத்தாள். ஊர் வைத்தியர் ஒரு குச்சியை விட்டு அதை இன்னும் உள்ளே தள்ளிக் கொடுத்தார். புளியங்கொட்டையைத் தண்ணீரில் ஊறவைத்தால் எப்படி உப்பும் என்று உங்களுக்குத் தெரியாதா? பிள்ளை மூக்கில் சளி வேறு. அது உள்ளேயே ஊறி உப்பிக்கொண்டிருக்கிறது என்ற எண்ணம் வந்ததிலிருந்து எனக்கு மூச்சு விட முடியவில்லை. வில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் கொக்கி வைத்திருக்கிறார்கள் என்றார்கள். இவர் கச்சேரி வேலையாகச் சாத்தூர் போயிருந்தார். நாத்தனாரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு வண்டி கட்டிப் புறப்பட்டேன். வழியெல்லாம், நல்லெண்ணெய் விட்டுப் பார்த்திருக்கலாமோ, விட்டால் இன்னும் உப்புமோ என்றே யோசித்துக்கொண்டு போனேன்.

ஓடைக்கு முன்னாலேயே புகையிலை வாசனை வந்தது. ஈரக்காற்றில் புகையிலை வாசனை வந்தால் இன்றைக்கும் எனக்கு அந்த ஓடைக்கரைதான் நினைவுக்கு வரும். ஒரு ராவுத்தரின் புகையிலை வண்டி சங்கிலிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தது. தாம்போதிமேல் கணுக்கால் அளவு தண்ணீர். அதில் ஒரு கொக்கு.

"ஏலே இருளப்பா, அந்தக் கொக்குக்கு முட்டிகூட நனையல. அதையும் புடிச்சுப் பூட்டிரு" என்றார் ராவுத்தர்.

காவல்காரன் இருளப்பன் சங்கிலி மாட்டிய கருங்கல் தூணோடு தூணாக நின்றான். "விடியக்கால செவப்புக் கோட்டுக்கு மேல ஏறுச்சு, பூட்டுனேன். இப்ப எறங்கிருச்சு. ஐயா வந்து தொறக்கணும்."

"உங்க ஐயா எப்ப வருவாரு?"

"தண்ணி வடிஞ்ச பொறவு வருவாவ."

"வடிஞ்சத அவருக்கு யாருலே சொல்லணும்?"

"நாந்தான்."

"போய்ச் சொல்ல வேண்டியதுதான?"

"சங்கிலிய விட்டு நான் நகரக் கூடாதுல்லா."

ராவுத்தர் வானத்தைப் பார்த்துக் கையேந்தினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தூணைப்போல நிற்கிற அந்த ஆளைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. "பிள்ளை மூக்குல கொட்டை மாட்டியிருக்கு" என்று கெஞ்சினேன். அவன் கோதையின் முகத்தைப் பார்த்தான். வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். "நான் என்ன தாயி செய்வேன்" என்றான்.

எதிர்க்கரையிலும் சங்கிலி, அங்கும் இரண்டு வண்டிகள். ராவுத்தர் வாயருகே கையைக் குவித்துக் கத்தினார். "அந்தப் பக்கத்து வண்டியெல்லாம் வந்த வழியே திரும்புதா? நாங்க நடந்து வாரோம், நீங்க இங்கிட்டு வாங்க! வண்டிய மாத்திக்கிடுவோம்!" தூணில் மாட்டியிருந்த சர்க்கார் பலகையில் 'வண்டிகள் செல்லக் கூடாது' என்றுதான் எழுதியிருந்தது. ஆள் போகக் கூடாது என்று எவரும் எழுதவில்லை.

அப்படித்தான் அந்த மழைக்காலம் முழுவதும் நடந்ததாம். அன்று என் கண்ணெதிரே எதிர்க்கரையிலிருந்து ஒரு நிறைமாதக்காரி புடவையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். பின்னால் ஒரு கிழவர், தலையில் தகரப்பெட்டியோடு. முன்பு வண்டிக்குள் உட்கார்ந்து கடந்தவர்கள் எல்லாரும் இப்போது பாசியில் வழுக்கிக்கொண்டு நடந்தார்கள். மாடுகள் மட்டும் இருகரையிலும் பத்திரமாக நின்று அசைபோட்டன. சர்க்கார் செலவு செய்தது அவற்றுக்காகத்தான் என்றால் நான் சொல்ல ஒன்றுமில்லை.

மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. திடீரென்று தண்ணீர் வந்தால்? நான் வழுக்கினால்? பிள்ளையை இடுப்பில் வைப்பதா, தோளில் போடுவதா? காலை வைத்தேன், எடுத்தேன். "ஏட்டி, படிச்சது போதும், எறங்கு" என்று நாத்தனார் எனக்கு வழிகாட்ட முன்னால் போனவள், நாலாவது எட்டில் வழுக்கித் தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டாள். நான் கரையில் நின்றபடியே அழ ஆரம்பித்தேன்.

இருளப்பன் தூணைவிட்டு வந்தான்.

"சங்கிலியத் தொறக்கத்தான் எனக்கு அதிகாரமில்ல. புள்ளையத் தூக்குறதுக்கு எவங்கிட்ட கேக்கணும்? குடு தாயி."

கோதையைத் தோளில் ஏற்றிக்கொண்டு இறங்கினான். அவள் அவன் காதுகள் இரண்டையும் கடிவாளம்போல் பிடித்துக்கொண்டாள். நான் அவன் முண்டாசின் தொங்கலைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தேன். அக்கரையில் நாத்தனாரையும் என்னையும் வண்டியில் ஏற்றிவிட்டு, பிள்ளையை மடியில் வைத்தான். "அழாத தாயி, நீ அழுதா அதுவும் அழும். மூக்கு அடைச்சுக்கிடும்" என்றான்.

ஆஸ்பத்திரியில் கொக்கியை விட்டார்கள். புளியங்கொட்டை வந்து விழுந்தது. தோல் வெடித்து, இரண்டு மடங்காகியிருந்தது. இன்னும் சற்றுத் தாமதித்திருந்தால் அறுத்துத்தான் எடுத்திருக்க வேண்டும் என்றார் வைத்தியம் பார்த்த அப்போத்திகரி. கோதை அதைத் திருப்பிக் கேட்டு அழுதாள்.

இரண்டு நாள் கழித்துத் திரும்பும்போது எங்கள் கரைச் சங்கிலி இறங்கிக் கிடந்தது. அருகே வேறோர் ஆள் நின்றான்.

"இருளப்பன் எங்க?"

"அவன வேலைய விட்டு நிப்பாட்டிட்டாவ. அன்னிக்கு ஓவர்சீயர் ஐயா குதிரையில வந்தாவ. இந்தக் கரையில சங்கிலி பூட்டிக் கெடக்கு, ஆளக் காணோம். எவளோ ஒருத்தி புள்ளையத் தூக்கிக்கிட்டு அக்கரைக்குப் போய்ட்டானாம்."

அந்த எவளோ ஒருத்தி வண்டிக்குள் உட்கார்ந்திருந்தாள். நிறைமாதக்காரி தண்ணீரில் இறங்கியதைப் பற்றி ஓவர்சீயருக்குக் கேள்வி இல்லை. சங்கிலிக்குத் துணையாக ஆள் இல்லை என்பதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. இவர் சாத்தூரிலிருந்து வந்ததும் மனு எழுதச் சொன்னேன். எழுதினார். மறு வாரமும் எழுதினார். அவர்கள் மசியவில்லை. இருளப்பன் மம்சாபுரம் பக்கம் கூலிக்குப் போனான் என்றார்கள், பிறகு மலைத்தோட்டத்துக்கு ஆள் கூட்டிப் போனவர்களோடு போய்விட்டான் என்றார்கள். அதன்பின் யாரும் எதுவும் சொல்லவில்லை.

அடுத்த பெருமழையில் தாம்போதி நடுவில் உடைந்தது, கரைச்சுவர்களும் சரிந்தன. காவல் வேலையே ஒழிந்தது. சங்கிலிகளை யாரோ கழற்றிக்கொண்டு போனார்கள். ராவுத்தரையும் கண்டு வெகுநாளாகிறது. இப்போது அந்த ஓடையில் தூண்கள் மட்டும் நிற்கின்றன. வண்டிகள் மறுபடி மணலில், தண்ணீர் வடியும்வரை காத்திருந்து போகின்றன, அந்தக் காலத்தைப்போலவே.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே பருத்திக் காட்டிலிருந்து ஓர் அதட்டல் கேட்கிறது.

"ஏ பாப்பா, தள்ளிப்போ! மிதிக்காத! சர்க்கார் சங்கிலி!"

எழுந்து போய்க் கொல்லைக் கதவைத் திறந்து பார்த்தேன். கோதை, இப்போது ஏழு வயது, சங்கிலியின்மேல் இரண்டு காலையும் வைத்து ஏறி நின்றுகொண்டு என்னைப் பார்த்தாள். கூப்பிடுவேன் என்று காத்திருந்தாள். நான் கூப்பிடவில்லை.