வீட்டு உபயோகம்

அக்காவின் தையல் மிஷினை மூடி வைக்கும் மரக்கூட்டின் உச்சியில் ஒரு பித்தளைக் கைப்பிடி இருக்கிறது. இத்தனை காலத்துக்குப் பிறகும் அது தேயவில்லை. தேய்ந்திருப்பது கூட்டின் ஒரு பக்கம். அங்கே வார்னிஷ் முழுவதும் போய், மரம் வெளுத்து, தடவினால் கூழாங்கல்லைப் போல வழுவழுப்பாக இருக்கும். அது இடுப்பு படிந்த இடம். தண்ணீர்க் குடத்தைப் போல அந்த மிஷினை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் அக்கா கீழக்கரைச் சந்துகளில் நடந்தாள். சென்ற மாசியில் அவள் காலமானாள். கூடு அவள் கடைசியாக வைத்த ஜன்னலோரத்திலேயே இருக்கிறது. சென்னையிலிருந்து வந்திருக்கும் என் மகள், அந்த இடத்தில் துணி துவைக்கும் இயந்திரம் ஒன்றை வைக்கலாம் என்றாள். எதை வாங்குவது என்று கைப்பேசியில் யார் யாரோ எழுதியிருக்கும் யோசனைகளை நாள் முழுதும் படித்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் பழைய வாரப் பத்திரிகையின் ஒரு பக்கம் நினைவுக்கு வந்தது.

ஐம்பதுகளின் பிற்பகுதி. அய்யா கடலோர ஊரான கீழக்கரையில் தபால் நிலையக் குமாஸ்தாவாக இருந்தார். எங்கள் பூர்வீகம் ஆர்.எஸ். மங்கலத்துக்கு அருகே ஒரு வயல்காட்டு ஊர். கண்மாய் நிறைந்தால் ஊர் நிறையும் என்று நம்புகிற மனிதர்கள். அக்காவை அங்கேயே உறவுக்குள் கட்டிக்கொடுத்திருந்தார்கள். பிள்ளை எதுவும் இல்லாத நிலையிலேயே விஷக்காய்ச்சலில் அத்தான் போய்விட்டார். அக்கா எங்களிடம் திரும்பி வந்தாள். நான் அப்போது மதுரையில் கல்லூரி மாணவன். விடுமுறைக்கு வந்திருந்த ஒரு நாளில் அவளுடைய மாமனார் வந்தார். கெட்ட மனிதரல்லர். மகனை இழந்தவர் என்பது அவர் உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது.

"எங்க வீட்டுப் பிள்ளை இங்கன எதுக்குக் கெடக்கணும்? அங்கன வந்து ஒரு வாய் சோறு தின்னுக்கிட்டு இருக்கட்டும்" என்றார்.

அந்த ஒரு வாய்ச் சோற்றுக்குப் பின்னால் எத்தனை உலைகள் கொதிக்கும் என்பது அக்காவுக்குத் தெரியும். நடவு, களையெடுப்பு, அறுப்பு என்று ஆண்டு முழுதும் ஆட்கள் உண்ணும் வீடு அது. கதவுக்குப் பின்னாலிருந்து அவள் குரல் வந்தது: "ஒரு வாய்ச் சோத்தை நானே சம்பாதிச்சுக்கிறேன் மாமா. தையல் தெரியும்."

அய்யா தரையைப் பார்த்தார். மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டார். பிறகு, "சரித்தா. தை பொறக்கட்டும், வாரேன். தோதுப்படலைன்னா மனசு கோணாமக் கெளம்பிரணும்" என்றார். அக்கா ஒப்புக்கொண்டாள். கழுத்திலிருந்து இறங்கிவிட்ட சங்கிலி ஒன்றுதான் அவள் கையிருப்பு. அதை விற்று ஒரு மிஷின் வாங்கலாம், ஒரே ஒரு முறை. தவறான மிஷினை வாங்கிவிட்டால் அவள் வாழ்க்கை ஆர்.எஸ். மங்கலத்து அடுப்படியில் முடியும். இது எங்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

நாங்கள் வாங்கிய வாரப் பத்திரிகையில் அந்நாளில் பொருள் வாங்குவோருக்கு யோசனை கூறும் பகுதி ஒன்று வந்தது. சுவர்க்கடிகாரம், பேனா, குடை, டார்ச் விளக்கு என்று வாரம் ஒரு பொருள். வாங்கப்போவதே இல்லாத பொருள்களைப் பற்றியும் அக்கா அதை ஒரு வரி விடாமல் படிப்பாள். தையல் மிஷினைப் பற்றி எழுதியிருந்த இதழ் நாங்கள் வாங்கத் தொடங்கும் முன்பே வந்தது; அதைக் கல்லூரி வாசகசாலையில் கண்டு, பழைய இதழ்களை விற்றபோது வாங்கி வந்து நான் உரக்கப் படித்தேன். கை மிஷின் வீட்டு உபயோகத்துக்கு ஏற்றது. தொழில் உபயோகத்துக்குக் கால் மிஷினே சிறந்தது. இயந்திரம் கனமாக இருந்தால் அதிராது. இப்படிப் போயிற்று அந்த யோசனை. அச்செழுத்தின் மீது எனக்கிருந்த மரியாதை அளவற்றது. அய்யாவுக்கும் அப்படித்தான்.

"தொழில்னு தெளிவாப் போட்டிருக்கான். கால் மிஷினே வாங்கிருவோம். வாசல்ல ஒரு பலகை மாட்டிட்டா ஆச்சு" என்றார் அய்யா.

அக்கா என் பக்கம் திரும்பினாள். "ஏலே, அந்தக் குடையைப் பத்தி எழுதியிருந்தானே, அந்தப் பொஸ்தகம் கெடக்கா?" என்று கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன். மிஷினைப் பற்றி அவளுக்கு அதிகம் தெரியாது, குடையைப் பற்றித் தெரியும். தெரிந்த பொருளில் இந்த யோசனைக்காரன் எவ்வளவு தேறுகிறான் என்று பார்த்துவிட்டுத்தான் தெரியாத பொருளில் அவன் பேச்சைக் கேட்பது என்பது அவள் வழக்கம். நான் பிற்காலத்தில் எத்தனையோ ஆய்வேடுகளைத் திருத்தினேன். சான்றுகளைச் சோதிப்பதற்கு அதைவிட நல்ல வழி ஒன்றை எந்த நூலிலும் நான் படிக்கவில்லை.

"கம்பி சேர்ற எடத்தை விரிச்சு மடக்கிப் பாருன்னு எழுதியிருக்கான், சரிதான். நனைஞ்ச குடையை விரிச்சுக் காயவையி, துருப்பிடிக்காதுங்கிறான். இங்கன நனையாத குடையும்ல துருப்பிடிக்குது. மெட்ராஸ்லயும் கடல் இருக்கு, ஆனா எழுதுனவன் கடலுக்குத் தள்ளிக் குடியிருக்கான்" என்றாள். பிறகு மிஷின் பக்கத்தைத் திருப்பினாள். பின்பக்கத்தில், யோசனையில் புகழப்பட்ட அதே கால் மிஷினுக்கு விளம்பரம் இருந்தது. அதை நான் கவனிக்கவில்லை; அவள்தான் விரலை வைத்துக் காட்டினாள்.

"அப்ப இது பூராவும் பொய்யாக்கா?"

"பொய்யின்னு யாரு சொன்னா? பத்திரிகைக்குத் தீனி போடுறவன் யாருன்னு தெரிஞ்சுக்கிட்டாப் போதும். இதை வாங்குங்கிற எடத்துல கொஞ்சம் தள்ளி நின்னு கேக்கணும். இப்படிப் பாருங்கிற எடத்துல கிட்டப் போயி கேக்கணும்" என்றாள். அந்தக் கட்டுரையின் நடுவில் மிஷினைச் சோதிக்கும் முறை ஒன்று இருந்தது. நூலைக் கழற்றிவிட்டு, ஊசிக்கடியில் ஒரு காகிதத்தை வைத்து ஓட்ட வேண்டும். துளைகள் இடைவெளி மாறாமல் ஒரே கோடாக விழுகின்றனவா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். அந்த வரிகளை மட்டும் என்னை இரண்டாம் முறை படிக்கச் சொன்னாள்.

ஆனால் வாங்கப்போவது கை மிஷின் என்று அவள் சொன்னபோது அய்யா திகைத்துவிட்டார். "அது வீட்டு உபயோகத்துக்குன்னுல்ல போட்டிருக்கு? நீ தொழிலுக்குல்ல வாங்குற?"

"என் தொழிலே வீட்டுக்குள்ளதான அய்யா. வீட்டு உபயோகம்னா நம்ம வீடுன்னு எதுக்கு நெனைக்கிறீக? கீழக்கரையில வேற வீடா இல்ல?"

எங்களுக்குப் புரியவில்லை. ஆண்களாகிய எங்களுக்குப் புரிந்திருக்கவும் முடியாது. அடுத்த சந்தில் ஒரு மரைக்காயர் குடும்பம் இருந்தது. வீட்டுக்காரர் கொழும்பு வியாபாரத்தில் இருந்தார். அவருடைய மனைவியை அக்கா 'லாத்தா' என்றுதான் கூப்பிடுவாள். அந்தத் தெருக்களில் மூத்த சகோதரியை அப்படித்தான் அழைப்பார்கள். முஸ்லிம் பெண்கள் அந்நாளில் அணிந்த குப்பாயம் என்னும் நீண்ட கை வைத்த மேல்சட்டையை அக்கா அவர்களுக்குக் கையாலேயே தைத்துக் கொடுத்திருந்தாள். கடைத்தெருத் தையற்காரரிடம் பெண்கள் அளவு கொடுக்க மாட்டார்கள். கொழும்பிலிருந்து வரும் பட்டுத்துணியை வெளியே கொடுத்தனுப்பவும் மாட்டார்கள். லாத்தா முன்பே சொல்லியிருந்தார்: "எங்க வீட்டுத் துணி வாசப்படி தாண்டாது தங்கச்சி. உன் மிஷின் தாண்டுமான்னு பாத்துக்க." கால் மிஷினை வாங்கி வாசலில் பலகை மாட்டியிருந்தால் பலகையைக் காற்றுதான் படித்திருக்கும்.

இராமநாதபுரத்தில் அரண்மனைக்கு அருகே இருந்த ஒரு கடைக்கு நாங்கள் மூவரும் பஸ்ஸில் போனோம். கடைக்காரர் பொன்னிறப் பூ வரைந்த, கண்ணைப் பறிக்கும் கை மிஷின் ஒன்றை முன்னால் நகர்த்தினார். அக்கா கைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தாள். ஊசியிலிருந்து நூலை உருவினாள். சக்கரத்தைச் சுற்றினாள். காகிதத்தைத் தெருப்பக்கம் தூக்கிப் பிடித்தாள். துளைகள் சிறிது தூரம் ஒழுங்காகச் சென்று, பிறகு நெருங்கியும் விலகியும் தடுமாறின.

கடைக்காரர் சிரித்தார். "ஏத்தா, மிஷின் வாங்க வந்தீகளா, பரீட்சை வைக்க வந்தீகளா?"

"தேறுனதைத்தானண்ணே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக முடியும். பெயிலானது உங்ககிட்டயே படிக்கட்டும்" என்றாள் அக்கா. அத்தான் போன பிறகு அவள் கேலி பேசி நான் கேட்டது அன்றுதான். அய்யா முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார்.

பூ எதுவும் இல்லாத, கறுத்த, எளிய மிஷின் ஒன்று பரீட்சையில் தேறியது. அப்போது அவள் பத்திரிகையில் எழுதாத ஒரு சோதனையையும் செய்தாள். கூட்டை மூடி, மிஷினைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, கடையைவிட்டு இறங்கி, அரண்மனை மதில் வரை நடந்து திரும்பினாள். கடைப்பையன்கள் பதறி எழுந்தார்கள்; பணம் கொடுக்காமல் போகிறாள் என்று நினைத்திருப்பார்கள். கடைக்காரர், "தூக்குறதுக்குத்தான் மேல பிடி இருக்கேத்தா" என்றார். "பிடியைப் பிடிச்சா கைதான் தூக்கும், இடுப்புல வச்சா ஒடம்பே தூக்கும்ண்ணே" என்று பதில் சொன்னாள். கனமானதே சிறந்தது என்று எழுதியவர், அதை யார் எவ்வளவு தூரம் சுமப்பார் என்று யோசித்திருக்க மாட்டார். அதற்காக அவரை நான் இன்று குறை சொல்லவில்லை. அவர் சொன்ன காகிதச் சோதனை இல்லாவிட்டால் அக்கா அந்தப் பொற்பூ மிஷினோடு திரும்பியிருக்கக்கூடும். முகம் தெரியாத எத்தனையோ பேருக்கு ஒரே பக்கத்தில் யோசனை சொல்ல வேண்டியவர் பொருளைத்தான் பார்க்க முடியும். பொருள் போய்ச் சேரும் இடத்தைப் பார்க்கும் வேலை வாசிப்பவருடையது.

ஐப்பசி மழையில் வேலை மந்தமாகத்தான் இருந்தது. இரண்டொரு வீடுகள் மட்டுமே அவளைக் கூப்பிட்டன. பிறகு லாத்தாவின் உறவில் ஒரு கல்யாணம் வந்தது. அந்த வீட்டின் பெண்கள் வழியாக அடுத்த வீடு, அதன் பெண்கள் வழியாக அதற்கடுத்த வீடு என்று பேச்சு பரவியது. பெண்கள் மட்டும் நடக்கும் குறுகிய சந்துகளில் அவள் போகும்போது, "மிஷின்காரத் தங்கச்சி, நாளைக்கி எங்க வீட்டுக்கு" என்று கதவிடுக்கிலிருந்து குரல்கள் வரும் என்று சொல்வாள்.

தை பிறந்தது. சொன்னபடியே மாமனார் வந்தார். பொங்கல் விடுமுறையில் நானும் வீட்டில் இருந்தேன். அக்கா ஒரு கல்யாண வீட்டுக்குப் போயிருந்தாள். அவர் மோர் குடித்துவிட்டு வாசலில் நின்று தெருவைப் பார்த்தபடியே இருந்தார். பொழுது சாயும் வேளையில் தெருமுனையில் அக்கா தெரிந்தாள். முந்தானை முனையால் மிஷினைப் போர்த்தியிருந்தாள். உப்புக்காற்று படாமலிருக்க எப்போதும் அப்படித்தான் செய்வாள். மாமனார் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "யாரு பிள்ளையைத் தூக்கிட்டு வருது?" என்று என்னிடம் கேட்டார். அவள் அருகே வந்து முந்தானையை விலக்கியபோது அவருக்கே தெரிந்தது.

"கனமா இருக்காத்தா?" என்று கேட்டார்.

"பழகிருச்சு மாமா."

அவர் தலையசைத்தார். கொண்டுவந்திருந்த புது நெல் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, கடைசி பஸ்ஸுக்கு முன்பே கிளம்பினார். கூட்டிப் போவதைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. அதன் பிறகு அவர் காலம் உள்ளவரை ஒவ்வொரு தைக்கும் நெல் வந்தது.

நான் பேராசிரியனாக ஊர் ஊராகச் சுற்றி, ஓய்வுபெற்று, மனைவியையும் இழந்து, அந்த வீட்டுக்கே வந்து சேர்ந்தேன். கண் மங்கும் வரை அக்கா தைத்தாள். இப்போது என் மகள் கைப்பேசியை நீட்டி, "எல்லாரும் இதைத்தாம்ப்பா நல்லா இருக்குன்னு எழுதியிருக்காங்க" என்றாள்.

"கடலோரத்து ஊர்க்காரர் யாராவது எழுதியிருக்கிறார்களா, பார்."

அவள் விரலால் வெகுநேரம் தள்ளித் தள்ளித் தேடினாள். "ஒரே ஒருத்தர், தூத்துக்குடிக்காரர். அடித்தகடு சீக்கிரமே துருப்பிடிச்சிருச்சாம். ஆனா மத்தவங்க யாரும் அப்படிச் சொல்லலையே."

"அந்த ஒருவர் போதும் அம்மா" என்றேன். அடித்தகடு பிளாஸ்டிக்கில் செய்த வேறொன்றை அவள் தேர்ந்தெடுத்தாள். அதை எதிர்ச்சுவரோரம் வைத்துக்கொள்வது என்று முடிவாயிற்று.

அவள் உறங்கப் போன பிற்பகலில் நான் ஜன்னலோரத்துக்குப் போனேன். மரக்கூட்டைத் திறந்தேன். எண்ணெய் மணம் இன்னும் இருந்தது. மேசையிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்து ஊசிக்கடியில் வைத்து, சக்கரத்தின் பிடியைச் சுற்றினேன். சக்கரம் தயங்கி, பிறகு ஓடியது. தாளை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இடைவெளி மாறாமல், ஒரே கோடாக, தாளின் ஓரம் வரை துளைகள் சென்றிருந்தன. நூல்தான் இல்லை.