காஜா மெஷினில் ஒரு ஊக்கு

1. நசரத்பேட்டையிலிருந்து போன்

டிபன் பாக்ஸை மேசையில் வைக்கக்கூட இல்லை, போன் அடித்தது. நசரத்பேட்டையில் சட்டை தைத்து ஏற்றுமதி செய்யும் கம்பெனியின் புரொடக்ஷன் மேனேஜர் பாஸ்கரன் பேசினார்.

"மேடம், உங்க மெஷின் மறுபடியும் சட்டையக் கிழிச்சிடுச்சு. தையலே இல்லாத துணியில கத்தி விழுந்திருக்கு. உங்க சாரைக் கூட்டிக்கிட்டு வாங்க. வரும்போதே ஒரு வண்டியும் எடுத்துக்கிட்டு வந்துடுங்க, ஏத்திட்டுப் போக வசதியா இருக்கும்."

நான் அப்போது அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னக் கம்பெனியின் டிசைன் பிரிவில் இருந்தேன். பிரிவு என்பது கொஞ்சம் பெரிய வார்த்தை. நான், ஒரு கம்ப்யூட்டர், ஆவடியிலிருந்து வரும் ஃபிட்டர் தனபால், அவ்வளவுதான். நான் டிராயிங் போடுவேன், தனபால் அதைத் திட்டிக்கொண்டே செய்து முடிப்பார். வெளிநாட்டுத் தையல் மெஷின்களுக்கு ஸ்பேர் செய்து பிழைத்துக்கொண்டிருந்த கம்பெனி அது. எங்கள் முதலாளி ராமச்சந்திரன் சாருக்கு ஒருநாள் ரோஷம் வந்துவிட்டது. "எவ்ளோ நாளைக்கும்மா மாலதி அடுத்தவன் மெஷினுக்குப் பல்லு கட்டிக்கிட்டு இருக்கிறது? முழுசா ஒண்ணு நாமளே பண்ணுவோம்" என்றார். அப்படிப் பிறந்ததுதான் எங்கள் காஜா மெஷின்.

சட்டையில் பட்டன் நுழையும் ஓட்டைக்குத்தான் காஜா என்று பெயர். தினமும் விரலால் தொடுகிறோம், யாரும் அதை நின்று பார்ப்பதில்லை. பெடலை மிதித்தால் மெஷின் முதலில் ஒரு பக்கம் நெருக்கமாகத் தைத்துக்கொண்டு போகும், முனையில் கட்டுப் போடும், மறுபக்கம் தைத்துத் திரும்பும். கடைசியில் இரண்டு வரிசைக்கும் நடுவில் ஒரு சின்னக் கத்தி மேலிருந்து விழுந்து துணியை வெட்டும். இத்தனையும் கேம் என்கிற ஒரே ஒரு மேடுபள்ளச் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் நடந்தாக வேண்டும். நான் சொல்லி முடிப்பதற்குள் அது சில காஜா எடுத்திருக்கும்.

இதில் கத்திதான் எமன். தையல் சரியில்லை என்றால் பிரித்துவிட்டு மறுபடி தைக்கலாம். வெட்டிய துணியை ஒட்ட முடியாது. காஜா எடுப்பதோ சட்டை ஏறக்குறைய முடிந்த பிறகு. அதுவரை அந்தச் சட்டைக்கு உழைத்த அத்தனை பேர் உழைப்பும் அந்த ஒரு வெட்டில் போய்விடும்.

அதனால்தான் நூல் அறுந்தால் கத்தி விழக்கூடாது என்று ஒரு ஏற்பாடு வைத்திருந்தோம். விரல் நீளத்தில் ஒரு கம்பி லீவர். அதன் நுனியில் ஒரு சின்ன வளையம். ஊசிக்குப் போகிற நூல் அந்த வளையத்துக்குள் புகுந்து போகும். நூல் இழுவிசையோடு ஓடுகிறவரை லீவர் தூக்கியே இருக்கும், கத்தி வேலை செய்யும். நூல் அறுந்தால் லீவர் தொங்கிவிடும், கத்தியை இழுக்கும் லிங்க் விலகிவிடும். எங்கள் ஷெட்டில் நூலை வேண்டுமென்றே வெட்டி வெட்டிப் பார்த்தோம். ஒருமுறைகூடக் கத்தி விழவில்லை.

டிரையலுக்குக் கொடுத்திருந்த நசரத்பேட்டையில் மட்டும் விழுந்தது. நாங்கள் போய்ப் பக்கத்தில் நின்றால் சமர்த்தாக ஓடும், அம்பத்தூருக்குத் திரும்பியதும் போன் வரும். "மெஷினுக்கு உங்களக் கண்டா பயம் மேடம், எங்க யாருக்கும் இல்லாத பயம்" என்று தனபால் கேலி செய்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த டிரையல் தேறாவிட்டால் முழு மெஷின் எண்ணத்தை மூட்டை கட்டிவிட்டு ஸ்பேருக்கே திரும்பிவிடுவது என்று சார் முடிவு செய்திருந்தார். ஸ்பேருக்கு அளவெடுக்கத் தெரிந்தால் போதும், டிசைனர் எதற்கு? நாற்பதைத் தாண்டிய அந்த வயதில் எனக்கு வேறு எந்தக் கம்பெனி கதவைத் திறக்கும் என்று ரயிலில் வரும்போதெல்லாம் யோசித்துக்கொண்டு வருவேன்.

2. எண்ணெய் ஓட்டை

அன்று வண்டி எடுத்துக்கொண்டு போகவில்லை. சாருடைய பழைய காரில் தனபாலும் நானும் ஏறிக்கொண்டோம்.

அந்த மெஷினை ஓட்டியவள் கலா. உள்ளூர்ப் பெண். அவளுடைய அப்பா காலம்வரை அந்தப் பக்கத்து வயல்களில் கூலி வேலை பார்த்த குடும்பம். வீட்டில் முதல்முதலாகக் கழுத்தில் அடையாள அட்டை மாட்டிக்கொண்டு கம்பெனிக்குப் போனவள் இவள்தான். நூல் வெட்டும் வேலையில் சேர்ந்து, தையலுக்கு ஏறி, காஜா மெஷின்வரை வந்திருந்தாள். சட்டை கெட்டதற்கு அவளும் பதில் சொல்ல வேண்டும் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். குற்றம் அவளுடையது என்றால் மறுபடி நூல் வெட்டப் போக வேண்டியதுதான். மெஷினை விட்டு இறக்குவது என்பது அங்கே எல்லோருக்கும் தெரிகிற மாதிரி நடக்கும்.

நாங்கள் போனபோது சாப்பாட்டு வேளை. தையல் லைனே காலியாக இருந்தது. சார் வெளியே நின்றுவிட்டார். தனபால் கவரைக் கழற்றிக் கொடுத்தார். நான் டார்ச் அடித்து லீவரைப் பார்த்தேன். கறுப்பாக்கிய கம்பி அது. அடிப்பக்கத்தில், வளைகிற இடத்தில், கறுப்பு போய் வெள்ளையாக ஒரு கீறல் மின்னியது. எந்தப் பாகமும் வந்து உரசாத இடம் அது. லீவரைத் தாங்கும் பிளேட்டில் எண்ணெய் விடுவதற்கு ஒரு ஓட்டை விட்டிருந்தேன். மற்ற எண்ணெய் ஓட்டைகளில் அழுக்கு அடைத்திருந்தது. இது மட்டும் சுத்தமாக இருந்தது.

எதையோ இதற்குள் விட்டு எடுக்கிறார்கள் என்று தோன்றியது. ஒல்லியான ஏதோ ஒன்று. சட்டைப் பையில் ஸ்க்ரூடிரைவர் வைத்திருக்கும் தனபாலுக்கு அது என்னவென்று பிடிபடவில்லை. எனக்கு உடனே தெரிந்துவிட்டது, ஏனென்றால் அது என் கையிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. புடவைக்கு அவசரத்துக்கு ஆகும் என்று வளையலில் எப்போதும் மூன்று நான்கு ஊக்கு மாட்டி வைத்திருப்பேன். அதில் ஒன்றை எடுத்து எண்ணெய் ஓட்டையில் நுழைத்தேன். டிராயிங் போட்டுச் செய்ததுபோல் பொருந்தியது. லீவர் தூக்கியபடியே நின்றுவிட்டது. இப்போது நூல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கத்தி விழும்.

தனபால் ஊக்கையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "இன்னா மேடம் இது, பூட்டுக்குச் சாவி மாதிரி கீது" என்றார்.

கலா சாப்பிட்டுவிட்டு வந்தாள். எங்கள் கையில் இருந்ததைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். அவள் வளையலிலும் ஊக்குகள் தொங்கின. அதில் ஒன்று மட்டும் வாய் பிளந்து கோணலாக இருந்தது.

"எதுக்கும்மா மாட்டின?" என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன். அத்தனை நாள் தூக்கம் கெட்டிருந்தது.

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள். "நூல் கலர் மாத்தறப்போ முடிச்சுப் போட்டு இழுப்போம் மேடம். முதல்ல இருந்து கோத்துக்கினு குந்தினா டார்கெட் போயிடும். உங்க வளையத்துல அந்த முடிச்சு போவ மாட்டேங்குது. மாட்டிக்கினு அறுந்துடுது. அதான் வளையத்துல போடாம வெளியால வுட்டுட்டேன். அப்பால கத்தி வுழல. அதுக்கோசரம் ஊக்கக் குத்தி லீவரத் தூக்கி வெச்சேன். நீங்க வர்றீங்கன்னா எடுத்துடுவேன்."

சட்டை கம்பெனிகளில் எல்லோரும் செய்வதுதான் அது. பழைய நூலின் நுனியில் புது நூலை முடிந்து, இழுத்தால் ஊசி வாசல்வரை தானாக வந்து நிற்கும். எங்கள் ஷெட்டில் ஒரே ஒரு வெள்ளை நூல் கண்டை வைத்துக்கொண்டு சோதித்தோம். கலர் மாற்ற வேண்டிய அவசியமே எங்களுக்கு வரவில்லை. அதனால் அந்த வளையத்தின் வழியாக ஒரு முடிச்சுகூடப் போனதில்லை.

"சொல்லிடுவீங்களா மேடம்?" என்றாள் கலா. அதற்குள் மேனேஜர் கூப்பிடுவதாக ஆள் வந்துவிட்டது.

3. மேனேஜர் அறை

போகிற வழியில் எல்லாவற்றையும் சாரிடம் சொன்னேன். படியேறிக்கொண்டே கேட்டார். "சரி" என்று மட்டும் சொன்னார்.

எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி இருந்தது, மறைப்பானேன். மெஷினில் தப்பில்லை என்று நிரூபிக்க ஒரு வாக்கியம் போதும். டிரையல் பிழைத்துவிடும், என் வேலையும் பிழைத்துவிடும். கலா போய்விடுவாள். இரண்டையும் ஒன்றாக நினைத்துப் பார்த்தபோது வாய் கசந்தது.

பாஸ்கரன் கெட்ட மனிதர் இல்லை. அவருக்கு மேலே ஒருவர் அவரைத் துளைத்துக்கொண்டிருந்தார். கலாவையும் உள்ளே வரச் சொல்லி ஓரமாக நிற்க வைத்திருந்தார். நேராக விஷயத்துக்கு வந்தார்.

"எனக்கு ஒரே பதில்தான் வேணும் சார். தப்பு மெஷின்லயா, ஆள் மேலயா? ஆள்னா இப்பவே மாத்திடறேன். மெஷின்னா நீங்க எடுத்துட்டுப் போயிடுங்க."

சார் என் பக்கம் திரும்பவே இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார். "தப்பு எங்க லீவர்ல சார். உங்க லைன்ல எப்படி வேலை நடக்குதுன்னு பாக்காம பண்ணிட்டோம். சரி பண்ண டயம் குடுத்தா சந்தோஷம். இல்ல, வேணாம்னா எடுத்துக்கிட்டுப் போயிடறோம்."

ஊக்கைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. என் வேலை கண்ணெதிரே போய்க்கொண்டிருந்தது. நான் டிராயிங் ஃபைலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உண்மையைச் சொன்னால் எனக்குச் சாரின் மீது அந்த நிமிடம் ஆத்திரம்தான் வந்தது.

பாஸ்கரன் போனை எடுத்தார், வண்டிக்குச் சொல்வதற்காக.

"சார்" என்றாள் கலா. சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அவங்க மெஷின் நல்லாத்தான் கீது சார். ஊக்கு மாட்டினது நாந்தான்."

போன் கீழே வந்தது. அவள் எங்களிடம் சொன்னதையே அவரிடமும் சொன்னாள், முடிச்சு, வளையம், டார்கெட் எல்லாம். பாஸ்கரனுக்கு முகம் சிவந்தது. "யாரக் கேட்டு மாட்டின?" என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். கலர் மாற்றும்போது யாரும் முதலிலிருந்து கோத்துக்கொண்டு உட்காரக்கூடாது, முடிச்சுப் போட்டு இழுங்கள் என்று லைனில் உத்தரவு போட்டவரே அவர்தான்.

பிறகு சாரைப் பார்த்துக் கேட்டார். "இதெல்லாம் உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்" என்றார் சார்.

"அப்புறம் ஏன் சொல்லல?"

"அந்தப் பொண்ணு சட்டையக் கெடுக்கணும்னு மாட்டல சார், சட்டைய முடிக்கணும்னு மாட்டிச்சு. முடிச்சு போற மாதிரி நாங்க வெச்சிருந்தா அதுக்கு ஊக்கு எதுக்கு?"

பாஸ்கரன் மேசையில் விரலால் தட்டிக்கொண்டிருந்தார். கடைசியில், "அடுத்த ஆர்டர் வர்றதுக்குள்ள சரி பண்ணிக் காட்டுங்க" என்றார். கலாவிடம், "நீ மெஷின்லயே இரு. இவங்களுக்கு முடிச்சுப் போட்டுக் குடு. இனிமே எதுவா இருந்தாலும் வந்து சொல்லிட்டுச் செய்" என்றார். அவள் தலையை ஆட்டிவிட்டு வேகமாக வெளியே போனாள். திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தாள்.

4. கொக்கி

திரும்பி வரும்போது பூந்தமல்லியில் டீ குடிக்க நிறுத்தினோம். எனக்கு மூளை ஓடத் தொடங்கியிருந்தது. "சார், லீவர் தூக்கியிருந்தா போதாது, ஒவ்வொரு தையலுக்கும் ஆடணும்னு வெச்சிடலாம். அப்போ யார் ஊக்கு மாட்டினாலும் கத்தி விழாது" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். நல்ல யோசனைதான் அது.

சார் டீயை ஊதிக்கொண்டே கேட்டார். "முடிச்சு?"

நான் டீ டம்ளரைக் கீழே வைத்தேன்.

"ஊக்கு மாட்ட முடியாத மாதிரி அப்புறம் பண்ணிக்கலாம்மா. மொதல்ல ஊக்கே தேவைப்படாத மாதிரி பண்ணு."

வளையத்தை எடுத்துவிட்டு, ஒரு பக்கம் திறந்த கொக்கியாக மாற்றினேன். நூல் தங்க வேண்டும், முடிச்சு நழுவ வேண்டும். கேட்க எளிது. கொக்கி கொஞ்சம் அதிகம் திறந்தால் வேகத்தில் நூல் துள்ளி வெளியே வந்துவிடும், குறைத்தால் முடிச்சு சிக்கும். தனபால் கம்பியை வளைத்து வளைத்து, "இத்த விட ஜிமிக்கி பண்றது ஈசி மேடம்" என்று அலுத்துக்கொண்டார், ஆனால் ஒரு கொக்கியைக்கூடச் சுமாராக விடவில்லை. கலா தன் லீவு நாளில் அம்பத்தூருக்கே வந்தாள். தடித்த முடிச்சு, சின்ன முடிச்சு, அவசரத்தில் போடும் கோணல் முடிச்சு என்று எல்லா வகையும் போட்டு இழுத்துக் காட்டினாள். எதுவும் சிக்காமல் போன அன்று மதியம் தனபால் எல்லோருக்கும் பிரியாணி வாங்கிவந்தார். கலா, என்னுடைய ஆடும் லீவர் யோசனையையும் கேட்டுத் தெரிந்துகொண்டு, "ரெண்டையும் வைங்க மேடம், புதுசா வர்ற பொண்ணுங்க கை சும்மா இருக்காது" என்றாள். வைத்தோம்.

அந்த மெஷின் தேறியது. எங்கள் டிசைன் பிரிவு நிஜமாகவே ஒரு பிரிவானது. ஓய்வு பெறும்வரை நான் அங்கேதான் இருந்தேன். சார் அன்று அறையில் உண்மையை என் மூலமாகச் சொல்ல வைத்திருந்தாலும் என் வேலை பிழைத்திருக்கும். ஆனால் அதற்குப் பிறகு எந்தத் தொழிற்சாலைப் பெண்ணும் என்னிடம் எதையும் திறந்து சொல்லியிருக்க மாட்டாள், நான் போட்ட டிராயிங்குகளில் பாதி பிறந்திருக்காது. அன்று அவர்மீது வந்த ஆத்திரத்தை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. சாருக்கும் கலாவுக்கும் நான் பட்டிருக்கும் நன்றிக்கடனைச் சொல்லித் தீர்க்க முடியாது. டிசைனுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். உங்கள் மெஷினை யாராவது ஏமாற்றுகிறார்கள் என்றால், கோபப்படுவதற்கு முன்னால் அவர்கள் எந்த வேலையை முடிக்கப் பார்க்கிறார்கள் என்று கேளுங்கள்.

ஓய்வு பெறுவதற்கு முந்தைய வாரம் நசரத்பேட்டைக்குப் போனேன். காஜா வரிசை முழுக்க எங்கள் மெஷின்கள். கலாதான் அந்த வரிசைக்குச் சூப்பர்வைசர். ஒரு பெண் வெள்ளையிலிருந்து நீலத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தாள். முடிச்சுப் போட்டாள், இழுத்தாள், போய்விட்டது. அவள் எழுந்ததும் நான் பழக்க தோஷத்தில் குனிந்து, லீவரின் அடியில் விரலை வைத்துத் தடவினேன். வழவழவென்று இருந்தது. ஒரு கீறல் இல்லை.

பின்னால் கலா நின்றிருந்தாள். "இன்னா மேடம், இன்னும் எங்க மேல சந்தேகமா?" என்று கேட்டு, கையைத் தூக்கி வளையலைக் காட்டினாள். ஊக்குகள் வரிசையாகத் தொங்கின. ஒன்றுகூடக் கோணல் இல்லை.

"உங்க மேல இல்லம்மா" என்றேன். "என் டிராயிங் மேலதான்."