கப்ரின் குறுக்கே விழுந்த நிழல்

மச்சானை ஜூலைக் குளிரில் அடக்கம் செய்தோம். மச்சான் என்றால் என் லாத்தாவின் கணவர். லாத்தா எனக்கு ஒரே அக்கா. சிட்னியின் மேற்குப் புறத்து மையவாடியில் எங்கள் ஆட்களுக்கென்று ஒதுக்கிய பகுதியில், வடக்கே தலையும் தெற்கே காலுமாக, வலப்பக்கம் ஒருக்களித்து, முகம் கிப்லாவைப் பார்க்கும்படி கப்ருக் குழியில் வைத்தோம். கிப்லா மக்காவின் திசை. உயிரோடு இருப்பவர் ஐந்து வேளையும் அந்தப் பக்கம் திரும்புகிறார். இறந்தவரை நாம் ஒரே தடவை திருப்பி வைக்கிறோம். அதன் பிறகு அவர் அப்படியே இருக்கிறார்.

அந்த ஒரு தடவை பிசகிவிட்டது என்று சொன்னவன் மச்சானின் மகன், என் மருமகன். நாற்பதாம் நாள் ஓதி முடிந்து, லாத்தாவின் செவன் ஹில்ஸ் வீட்டில் பிரியாணிச் சட்டிகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்த பிற்பகல் அது. தன் மகளின் பள்ளிக்கூட உலக வரைபடத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்து, அதன் மேல் அளவுகோலை வைத்தான்.

“மாமா, இதப் பாருங்க. சிட்னி இங்க, மக்கா அங்க. கோடு நார்த்-வெஸ்ட்ல போகுது. ஆனா வாப்பா கிட்டத்தட்ட நேர் மேக்கப் பாத்து இருக்காங்க.”

“போன்ல கிப்லா ஆப் இருக்குமே?”

“அதுவும் மேக்கதான் காட்டுது. நானே ஆப் எழுதுறவன் மாமா. அதனாலதான் நம்பல.”

அடக்கத்தை முன்னின்று நடத்திய பெரியவரிடமும் கேட்டிருக்கிறான். “மேக்கதான்பா. நம்ம ஊர்ல எப்பவும் மேக்கதானே?” என்று அவர் சொன்ன பதில்தான் அவன் சந்தேகத்தை உறுதியாக்கியது. எங்கள் கடற்கரை ஊரில் கிப்லா என்று சொல்வதே அபூர்வம். மேற்கு என்றுதான் சொல்வோம். கழிப்பறையைக்கூட மேற்குப் பார்த்துக் கட்ட மாட்டோம். “ஊர்ப் பழக்கத்த அப்படியே பிளேன்ல ஏத்திக் கொண்டாந்துட்டாங்க மாமா” என்றான்.

லாத்தா அடுக்களை வாசலில் கையில் துணியோடு நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தார்.

“அப்ப அவரு மொகம் வேற எங்கயோ பாத்துட்டு இருக்கா தம்பி?”

நான் நில அளவையாளன். தட்டையான வரைபடத்தில் போட்ட கோடு உருண்டையான பூமியில் செல்லாது என்று அங்கேயே சொன்னேன். ஆனால் சரியான எண் கையில் இல்லாமல் எதையும் உறுதியாகச் சொல்கிற வழக்கம் எனக்கு இல்லை. கணக்குப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். லாத்தாவின் மனதில் சந்தேகம் விழ அந்த இடைவெளி போதுமானதாக இருந்தது. அதன் பிறகு அவர் மையவாடிக்கு வர மறுத்தார். துஆ கேட்கக் கையை ஏந்தினால் வார்த்தை வரவில்லை என்றார். தாயின் நிலையைப் பார்க்கச் சகிக்காமல், கப்ரைத் திறந்து திருப்பி வைக்க அரசிடம் அனுமதி கேட்கும் விண்ணப்பத்தை மகன் தயார் செய்தான். மண்ணுக்குள் போனவரை மறுபடி வெளியே எடுப்பது எங்களில் எவ்வளவு பெரிய காரியம் என்று அவனுக்கும் தெரியும்.

அந்த மாதங்களில்தான் நான் பழைய வானியலாளர்களைப் பற்றிப் படித்தேன். நான் தினமும் கையாளும் கோணக் கணிதத்தில் ஒரு பங்கு இந்தக் கேள்விக்காகவே வளர்ந்தது என்பது அதுவரை எனக்குத் தெரியாது. எங்கோ ஒரு நகரத்தில் நிற்கும் மனிதன் கண்ணுக்குத் தெரியாத மக்காவை நோக்கி எப்படித் திரும்புவது? ஆப்கானிய கஸ்னாவில் இருந்த ஒருவர் அந்த ஒரு நகரத்தின் கிப்லாவுக்காக ஊர் ஊராகத் தூரங்களைத் திரட்டினார். இரு நகரங்களுக்கு இடையிலான தீர்க்கரேகை வித்தியாசத்தை அறியச் சந்திர கிரகணத்தைப் பயன்படுத்தினார். டமாஸ்கஸ் பள்ளிவாசலில் தொழுகை நேரம் கணித்துக் கொடுக்கும் வேலையில் இருந்த ஒருவர், அட்சரேகை, தீர்க்கரேகையின் ஒவ்வொரு பாகைக்கும் திசை எழுதிய பெரிய அட்டவணை ஒன்றைச் செய்தார். அதில் தென்பாதி உலகத்துக்கு இடமில்லை. அவர் அறிந்த உலகம் அதற்கு முன்பே முடிந்துவிட்டது. ஆனால் அவருடைய முறை முடியவில்லை. சிட்னியின் எண்களைப் போட்டேன். மேற்கிலிருந்து வடக்கே மிகச் சிறிய சாய்வு, அவ்வளவுதான். பெரியவரின் பழக்கம் இங்கே ஏறக்குறைய சரியாக வந்திருந்தது.

ஓர் உலக உருண்டையில் நூலை இழுத்துப் பிடித்து மருமகனுக்குக் காட்டினேன். அவன் உடனே புரிந்துகொண்டான்.

“எனக்கு ஓகே மாமா. உம்மாக்கு?”

லாத்தா நூலையும் பார்த்தார், வரைபடத்தையும் பார்த்தார். “ஆளுக்கொரு கோடு போடுறீங்க. நான் எதை நம்ப? எங்கண்ணால பாக்கணும்.”

கண்ணால் பார்க்கவும் அந்தப் பழைய வானியலாளர்கள் வழி சொல்லியிருந்தார்கள். மராகா வானாய்வகத்தை நடத்திய பாரசீகர் எழுதியது அது. ஆண்டில் இரண்டு நாள் நண்பகலில் சூரியன் மக்காவின் உச்சிக்கு வருகிறது. அந்நேரம் சூரியனைப் பார்த்து நின்றால் மக்காவைப் பார்த்து நிற்பதாகும். அந்த வேளையில் எங்களுக்குச் சூரியன் மறைந்திருக்கும். ஆனால் பூமியின் மறுபுறத்தில், மக்காவுக்கு நேர் எதிரான இடத்தின் உச்சிக்கும் சூரியன் வருகிறது. அது இங்கே நவம்பர் கடைசியில் ஒரு காலைப் பொழுது. அப்போது செங்குத்தாக நிற்கும் எதன் நிழலும் மக்காவை நோக்கியே விழும்.

அதுவரை விண்ணப்பத்தை அனுப்புவதில்லை என்று மருமகன் ஒப்புக்கொண்டான். லாத்தாவும் வருவதாகச் சொன்னார்.

அன்று காலையில் மெல்லிய மேகம் இருந்தது. கப்ரைச் சுற்றி மரச்சட்டம் அடித்திருந்தார்கள். மச்சானின் முகம் பார்க்கும் திசையிலேயே ஓடிய தலைமாட்டுச் சட்டத்தின் கிழக்கு முனையில் ஓர் இரும்புக் கம்பியை ஊன்றி, ரசமட்டம் வைத்து நேராக்கினேன். மச்சான் சரியான திசையில் இருந்தால், நிழல் அந்தச் சட்டத்தின் மீதே, கப்ரின் குறுக்கே விழ வேண்டும். மேகம் விலகவில்லை. மருமகன் வானத்தைப் பார்ப்பதும் போனைப் பார்ப்பதுமாக இருந்தான்.

“தம்பி, வெயில் வராட்டி?”

“ஜனவரியில இன்னொரு நாள் இருக்கு லாத்தா.”

“அதுவரைக்கும் நான் தாங்க மாட்டேன்.”

குறித்த நேரத்துக்குச் சற்று முன்னால் வெயில் வந்தது. நிழல் கூர்மையாக விழுந்தது. கம்பியின் அடியில் சட்டத்தோடு ஒட்டிப் புறப்பட்டு, மறுமுனைக்குப் போகையில் அதை விட்டுக் கொஞ்சம் விலகியிருந்தது.

“சரியா இருக்கா?” என்றார் லாத்தா.

மருமகன் என்னைப் பார்த்தான். ஆமென்று சொல்லிவிடுங்கள் என்று அவன் கண் கெஞ்சியது.

“ரெண்டு விரல் தள்ளி இருக்கு லாத்தா.”

அவர் குனிந்து, நிழலுக்கும் சட்டத்துக்கும் நடுவே தன் விரல்களை வைத்துப் பார்த்தார். இரண்டு விரல்தான். குனிந்தபடியே கேட்டார்.

“நம்ம உம்மா வாப்பாவ வெச்ச எடத்தையும் நீ கணக்குப் பாத்திருப்பியே?”

“எதுக்கு லாத்தா அது?”

“பாத்திருப்ப. உன்னப் பத்தி எனக்குத் தெரியாதா? சொல்லு.”

பார்த்திருந்தேன், சொல்வதாக இல்லை. எங்கள் ஊரின் பழைய பள்ளிவாசலும் அதன் மையவாடியும் சூரியன் மறைகிற நேர் மேற்கைப் பார்த்தவை. ஆனால் அங்கிருந்து மக்கா நன்றாக வடக்கே ஒதுங்கியிருக்கிறது. முழங்கையிலிருந்து விரல்நுனி வரை தொட்டுக் காட்டினேன்.

“இதே நீளத்துக்கு ஒரு முழம்.”

“ஒரு முழமா!” லாத்தா புல்லில் உட்கார்ந்துவிட்டார். “நடுச்சாமத்துத் தஹஜ்ஜத்தக்கூட விடாம தொழுதவ உம்மா. அவ மொகத்த அல்லாஹ் ரசமட்டம் வெச்சா தேடுவான்?”

நான் படித்ததில் எனக்குப் பிடிபடாமல் இருந்த ஒன்றை அப்போது அவரிடம் சொன்னேன். கணக்குத் தெரிந்த அந்த அறிஞர்கள் வாழ்ந்த நகரங்களிலேயே பழைய பள்ளிவாசல்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையைப் பார்த்து நின்றன. அவர்கள் அளந்தார்கள், வித்தியாசத்தை எழுதி வைத்தார்கள். பெரும்பாலும் எதையும் இடிக்கவில்லை. முன்னோர் தொழுத தொழுகை செல்லாது என்றும் சொல்லவில்லை.

“படிச்சவங்களாச்சே” என்றார். பிறகு மகன் பக்கம் திரும்பினார். “பச்சப்புள்ள மேப்ப வெச்சுக்கிட்டு வாப்பாவத் தோண்டப் பாத்தியேடா! அந்தப் பேப்பர அனுப்பாத. தூங்குறவர எழுப்பாத.”

“சாரி உம்மா” என்றான். அவன் அழுதுகொண்டிருந்தான்.

மச்சானுக்கு அடுத்த இடம் லாத்தாவுக்காக வாங்கி வைத்தது. அதைக் கையால் காட்டினார்.

“தம்பி, நான் மௌத்தாகி இங்க வரும்போது நீ கம்பியத் தூக்கிட்டு வந்து என்னச் சரியாக்கி வெச்சிடாத. அவரு எப்படி இருக்காரோ அப்படியே வை.”

“சரியான தெச தெரிஞ்ச பொறவுமா லாத்தா?”

“தெரிஞ்சதாலதான் இப்பவே சொல்றேன்.”

ஒரு கோட்டைத் தெரிந்தே விலக்கிப் போடுவதை என் தொழிலில் யாரும் என்னிடம் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் மறுத்திருப்பேன்.

“சரி” என்றேன்.

“சத்தமா சொல்லு. இவன் சாட்சி.”

மருமகன் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றான். நான் மறுபடியும் சொன்னேன்.