ஜைனப் என்ற பெயரின் கடைசி எழுத்து

"ளரப, ளரபா, ளரபூ" என்று சிறுமிகள் நாங்கள் போடும் சத்தத்தில் எங்கள் கூடத்து ஓடுகள் அதிரும். எழுபதுகளின் நடுவில், புதுச்சேரி வீட்டில், மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு ஓதிக்கொடுக்க வந்த இளம் உஸ்தாத் அரபி இலக்கணத்தையும் சேர்த்தே கற்பித்தார். 'ளரப' என்றால் அடித்தான். 'ளரப ஸைதுன் அம்ரன்' என்றால் ஸைது அம்ரை அடித்தான். செயலைச் செய்தவர் பெயர் முடிவில் 'உ' ஓசை, அதற்கு ஆளானவர் பெயருக்கு 'அ'; இதில் நாங்கள் குழம்பியபோது அவர் நடித்தே காட்டினார்.

"அடிச்சவன் உதட்டைக் குவிச்சிக்கினு 'உ'ன்னு மொறைப்பான். அடிபட்டவன் வாயைத் தொறந்து 'ஆ'ன்னு கத்துவான். பேரு மறந்துபோச்சுன்னா தெரிஞ்ச ஆளை நெனைச்சிக்குங்க."

நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கும் அத்தா, பிரெஞ்சு இலக்கணத்தோடு மல்லுக்கட்டிப் படித்தவர், இந்த வித்தையில் சொக்கிப்போனார்.

நோன்புக்கு வந்திருந்த ஜைனப் அக்காவைக் காரைக்காலுக்குத் திரும்ப அழைத்துப்போக, பெருநாள் முடிந்து அவள் கணவர் ஸலீம் மச்சான் வந்தார். அக்கா பெட்டியைக் கட்டிவிட்டாள். அத்தா பெருமையாக, "மச்சானுக்கு ஒப்பிச்சுக் காட்டும்மா" என்றார், ஏழு வயதுத் தங்கை மைமூனிடம்.

"ளரப ஸலீமுன் ஜைனப்."

அத்தா சிரித்தார். "மச்சானையே வம்புக்கு இழுக்கிறியா, வாலு? சரி, கடைசில தப்பு. அடிபட்டவங்க வாயைத் தொறக்கணுமில்ல? 'ஜைனப'ன்னு சொல்லு."

"அக்கா தொறக்கலியே அத்தா. லீவுக்கு அங்க போனப்ப பாத்தேன். மச்சான் அடிச்சாரு, அக்கா முந்தானையால வாயைப் பொத்திக்கினா."

அடுத்து நடந்தவை வரிசை மாறாமல் நினைவிருக்கின்றன. அத்தாவின் சிரிப்பு முகத்திலேயே உறைந்தது. மச்சான் கையிலிருந்த பாயசம் பாயில் வழிந்தது. அம்மா அக்காவின் ரவிக்கைக் கையை மேலே தள்ளிப் பார்த்தாள்; ஆறிப்போன தழும்புகள் இருந்தன. ஒரு மாதம் முழுக்க அவளோடு ஒரே தட்டில் நோன்பு திறந்த எனக்கு எதுவுமே தெரிந்திருக்கவில்லை.

"பொட்டி இங்கியே இருக்கட்டும்" என்றார் அத்தா. மச்சான் தனியாகத்தான் பஸ் ஏறினார்.

இப்போது தட்டாஞ்சாவடித் தொழிற்பேட்டையில் ரேடியோப் பெட்டிகளுக்கு மின்சுற்று இணைக்கிறேன். கம்பிகளின் நிறவரிசையை மனப்பாடம் செய்வதற்காக, தெரிந்தவர்களின் முகங்களை அவற்றோடு பொருத்த இன்றும் மனம் கூசுகிறது. உஸ்தாத் சொந்த ஊர் போய்விட்டார். ஓட்டுக் கூரை தளமாகிவிட்டது. அதே கூடத்தில் அக்காதான் சிறுமிகளுக்கு அரபி நடத்துகிறாள். ஸைதையும் அம்ரையும் அவள் பாடத்தில் காணோம். 'கதபத் ஜைனபு' என்கிறாள்: ஜைனப் எழுதினாள். சொல்லும்போது உதட்டை நன்றாகவே குவிக்கிறாள்.